சின்ன கடைக்கு புராடக்ட் போட்டோஷூட் எப்படி பிளான் பண்றது, எப்படி அடுக்கி எடுக்கறது?

நாப்பது அம்பது பொருள் இருக்கற சின்ன கடை, எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்தணும், ஷூட்டை எப்படி பிளான் பண்றதுன்னு கேட்டிருக்கீங்க, கூடவே எந்த கேமரா வாங்கலாம்னும் கேட்டிருக்கீங்க. கேமராவுக்கு ஒரு வரில பதில் சொல்லிடறேன்: கையில இருக்கற போனே போதும், அதை ஆடாம நிக்க வைக்க ஒரு ட்ரைபாட் மட்டும் வாங்குங்க. மிச்சம் எல்லாம் பிளான் பத்திதான், ஏன்னா சின்ன கடைங்களுக்கு ஷூட் பண்ணிக் குடுக்கறவன்ங்கற முறைல சொல்றேன், பாதி ஷூட் சொதப்பறது எந்தப் பொருளை எதுக்கப்புறம் எடுக்கறோம்ங்கற வரிசைலதான்.

கடைக்காரங்க பெரும்பாலும் ரேக்ல இருக்கற வரிசைலயே எடுத்துட்டு வருவாங்க. பை எல்லாம் ஒரு கட்டு, பாட்டில் எல்லாம் ஒரு கட்டு, வாட்ச் எல்லாம் ஒரு கட்டு. விக்கறதுக்கு அந்தப் பிரிவு சரி, போட்டோவுக்கு ஒத்துவராது. பைலயே ஒண்ணு துணி, ஒண்ணு பளபளன்னு ரெக்சின், ஒண்ணு கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், மூணுக்கும் மூணு விதமா லைட் வைக்கணும், ஒவ்வொரு பைக்கும் லைட்டை நகத்தி நகத்தி மதியத்துக்குள்ள கடுப்பாயிடும். அதனால பொருள் என்னன்னு பாக்காதீங்க, வெளிச்சம் பட்டா அது என்ன பண்ணுதுன்னு பாத்து பிரிங்க. வெளிச்சத்தைக் குடிக்கற பொருள் (துணி, அட்டை, மரம், மண்), அப்படியே திருப்பி அடிக்கற பொருள் (ஸ்டீல், நகை, வார்னிஷ் அடிச்சது), வெளிச்சம் உள்ள பூந்து போற பொருள் (கண்ணாடி, தெளிவான பிளாஸ்டிக்). இந்த மூணு குவியலா பிரிச்சுட்டு, ஒவ்வொரு குவியலையும் சின்னது பெருசுன்னு சைஸ் வாரியா அடுக்கிட்டா லைட்டை மொத்தமே மூணு தடவைதான் மாத்துவீங்க.

முதல் குவியல் ரொம்ப சுலபம். ஜன்னல் பக்கத்துல டேபிள், வெளிச்சம் பக்கவாட்டுல இருந்து வரணும், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் ஷீட் நிக்க வச்சா நிழல் பக்கமும் தெளிஞ்சுடும். நேரா வெயில் விழுந்தா ஜன்னல்ல பட்டர் பேப்பரோ மெல்லிசான வெள்ளைத் துணியோ கட்டுங்க. ரூம் லைட்டை மட்டும் மறக்காம அணைச்சுடுங்க. பகல் வெளிச்சம் சுமாரா 5500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்தைச் சொல்ற அளவு, எண் கூடினா நீலம், குறைஞ்சா மஞ்சள்), மஞ்சள் பல்பு 2700, 3000 அப்படி இருக்கும், ரெண்டும் ஒரே பொருள்மேல விழுந்தா ஒரு பக்கம் நீலம் தட்டும் ஒரு பக்கம் மஞ்சள் தட்டும், எடிட்டிங்ல அதை சரி பண்றது பெரிய தலைவலி.

ரெண்டாவது குவியல்லதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. ஸ்டீல் டம்ளரை போட்டோ எடுக்கறோம்னு நினைக்கறோம், ஆனா படத்துல வர்றது டம்ளர் இல்ல, டம்ளர்ல தெரியற உங்க ரூம், உங்க சட்டை, உங்க போன். அதனால லைட்டைக் கூட்டறதுல பிரயோஜனம் இல்ல, பொருளைச் சுத்தி என்ன இருக்குன்னு பாக்கணும். ரெண்டு பக்கமும் மேலயும் வெள்ளை சார்ட் வச்சு கூடாரம் மாதிரி மூடிட்டு, லென்ஸுக்கு மட்டும் சின்ன ஓட்டை விட்டு எடுங்க. இப்ப எல்லாம் வெள்ளையா வந்து பொருளோட ஓரமே காணாமப் போகும், அப்ப ஒரு பக்கமா மெல்லிசா ஒரு கறுப்பு சார்ட் பட்டை நுழைங்க, ஓரத்துல ஒரு கறுப்புக் கோடு விழுந்து உருவம் எழுந்து நிக்கும். போலரைசிங் ஃபில்டர் (லென்ஸ் முன்னாடி மாட்டற ஒரு கண்ணாடி) வாங்கினா கிளேர், அதாவது கண்ணு கூசற பளபளப்பு, போயிடும்னு நிறைய பேர் சொல்வாங்க. வார்னிஷ், பிளாஸ்டிக், கண்ணாடி இதுல ஓரளவு போகும், வெறும் மெட்டல்ல போகாது. மெட்டலுக்காக அதை வாங்கி காசை வீணாக்காதீங்க.

மூணாவது குவியல், கண்ணாடி பாட்டில் மாதிரி பொருளுக்கு முன்னாடி இருந்து லைட் அடிக்காதீங்க. பின்னாடி இருக்கற வெள்ளை பேக்கிரவுண்ட் மேலதான் லைட் விழணும், அந்த வெளிச்சம் பாட்டிலுக்குள்ள பூந்து நம்ம பக்கம் வரும், பாட்டிலோட ரெண்டு பக்கமும் ஃபிரேமுக்கு வெளிய ஒட்டினாப்ல கறுப்பு சார்ட் வச்சா ஓரம் ரெண்டும் பென்சில்ல வரைஞ்ச மாதிரி வரும். லேபிள் இருட்டா இருந்தா முன்னாடி கீழ ஒரு குட்டி வெள்ளைப் பேப்பர்.

பல்பு வச்சு எடுக்கறவங்க வாட்ஸை விட சிஆர்ஐ (பல்பு வெளிச்சத்துல நிறம் எவ்வளவு சரியா தெரியும்ங்கற மார்க்) பாத்து வாங்குங்க, அது 100க்கு எவ்வளவுன்னு பெரும்பாலும் பெட்டில போட்டிருக்கும், 90க்கு மேல இருந்தா நல்லது, கம்மியான பல்புல சிவப்பு எல்லாம் செத்துப்போய் தெரியும். சில எல்இடி கண்ணுக்குத் தெரியாம மினுக்கும், படத்துல பட்டை பட்டையா விழும். கரண்ட் 50 ஹெர்ட்ஸ் வர்ற ஊர்னா ஷட்டரை (ஒரு படத்துக்கு வெளிச்சம் உள்ள வர்ற நேரம், நொடிக்கணக்குல) 1/50 இல்ல 1/100, 60 ஹெர்ட்ஸ்னா 1/60 இல்ல 1/120 வச்சுப் பாருங்க, பெரும்பாலும் சரியாயிடும்.

போன்ல எடுக்கறப்ப கிட்டப் போய் 1எக்ஸ்ல எடுக்காதீங்க, அது வைடு லென்ஸ், டப்பா முன்பக்கம் வீங்கி பின்பக்கம் சுருங்கித் தெரியும். கொஞ்சம் பின்னாடி வந்து 2எக்ஸ் இல்ல 3எக்ஸ்ல எடுங்க. ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் (படத்தோட வெளிச்ச அளவு) அழுத்திப் புடிச்சு லாக் பண்ணிடுங்க, டைமர் போட்டு எடுங்க. போர்ட்ரெய்ட் மோட் வேண்டவே வேண்டாம், பை கைப்பிடி, கப் காது எல்லாத்தையும் மங்கலாக்கி தின்னுடும்.

ஷாட் லிஸ்ட் (எந்தப் பொருளுக்கு என்னென்ன படம்ங்கற பட்டியல்) எழுதறதுக்கு முன்னாடி படம் எங்க போகப் போகுதுன்னு முடிவு பண்ணுங்க, ஏன்னா ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சட்டம். அமேசான்ல மெயின் படம் சுத்த வெள்ளை பேக்கிரவுண்ட்ல (எடிட்டிங்ல பாக்கற சிவப்பு, பச்சை, நீலம் எண் மூணும் 255) இருக்கணும், பொருள் ஃபிரேம்ல 85 சதவீதமாவது நிறையணும், மேல எழுத்து கூடாது, ஜூம் வேலை செய்யணும்னா நீளமான பக்கம் 1000 பிக்சலுக்கு மேல வேணும். இன்ஸ்டாகிராம் 2025 ஆரம்பத்துல புரொஃபைல் கிரிட்டை சதுரத்துல இருந்து நெட்டுக்குத்து வடிவத்துக்கு மாத்துச்சு, சதுரத்துக்குன்னு டைட்டா எடுத்து வச்சிருந்தவங்க படமெல்லாம் ஓரம் வெட்டுப்பட்டுச்சு. அதனால எப்பவும் சுத்தி இடம் விட்டு எடுங்க, வெட்டறது சுலபம், ஒட்டறது கஷ்டம். பொருளுக்கு எத்தனை படம்னு கேட்டா, முன்பக்கம், பின்பக்கம், கிட்டத்துல ஒரு டீட்டெயில், கையில புடிச்ச மாதிரி சைஸ் தெரிய ஒண்ணு. வாங்கறவங்க திரும்பத் திரும்ப மெசேஜ்ல கேக்கற கேள்வி எதுவோ (உள்ள எத்தனை அறை இருக்கு, மூடி எப்படித் திறக்கும்) அதுக்கும் ஒரு படம் எடுத்துப் போட்டுட்டா கேக்கறதே நின்னுடும்.

இப்ப ஸ்டைலிங். பூ, மெழுகுவத்தி, பழைய புத்தகம் எல்லாம் வாங்கி வைக்கறதுதான் ஸ்டைலிங்னு ஒரு நினைப்பு இருக்கு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஸ்டைலிங்ல பெரும்பகுதி துடைக்கறதுதான். விலை ஸ்டிக்கரை உரிக்கறது, அந்தப் பசையை எடுக்கறது, தூசியை ப்ளோயர்ல ஊதறது, நகையையும் ஸ்டீலையும் காட்டன் க்ளோவ்ஸ் போட்டுத் தொடறது, துணியை ஸ்டீமர்ல ஓட்டி பின்பக்கம் கிளிப் போட்டு இழுத்து நிறுத்தறது, பைக்குள்ள பேப்பர் திணிச்சு வயிறு வரவைக்கறது. கண்ணுக்குத் தெரியாத தூசி பெருசாக்கிப் பாத்தா கல்லு மாதிரி நிக்கும், துடைக்க அரை நிமிஷம் ஆகும், எடிட்ல அழிக்க பத்து நிமிஷம் ஆகும். அதோட கடைல முன்வரிசைல நின்னு வெயில்ல வெளுத்த பீஸை எடுத்துட்டு வராதீங்க, ஒவ்வொண்ணுலயும் புது பீஸ் ரெண்டு தனியா எடுத்து வைங்க.

ப்ராப்ஸ், அதாவது அழகுக்குப் பக்கத்துல வைக்கற சாமான், வச்சே ஆகணும்னா ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இதைப் பாத்து வாங்கறவர் இதுவும் சேந்து வரும்னு நினைப்பாரா? கப்பு விக்கறப்ப பக்கத்துல சாசர் வச்சா கண்டிப்பா சண்டை வரும். அந்த மாதிரி படம் மெயின் படமா வேண்டவே வேண்டாம், கடைசில ஒண்ணா போடுங்க. ப்ராப்ஸ் நிறம் பொருளை விட மங்கலா இருக்கட்டும், பேரு போட்ட வேற கம்பெனி சாமான் எதுவும் ஃபிரேம்ல தெரியக்கூடாது.

கலர் விஷயத்துல மட்டும் சோம்பேறித்தனம் கூடாது, கலர் வேற வந்துச்சுன்னு பொருள் திரும்பி வரும். ஆட்டோ வைட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாத் தெரிய கேமரா தானா கலரைத் திருத்தறது) நம்பாதீங்க, சிவப்பு சட்டைக்கு ஒரு மாதிரி பச்சை சட்டைக்கு ஒரு மாதிரி அதுவா மாத்திக்கும். ஒவ்வொரு செட்டப்லயும் முதல் படம் பொருள் பக்கத்துல ஒரு கிரே கார்டு (சரியான சாம்பல் நிற அட்டை) வச்சு எடுங்க, எடிட்ல அந்த சாம்பலை சாம்பலாக்கிட்டு அதே செட்டிங்கை மிச்ச படங்களுக்கும் காப்பி பண்ணுங்க. வயலட்டும் கருநீலமும் அப்பவும் ஏமாத்தும், அதுக்கு பொருளை ஸ்கிரீன் பக்கத்துல வச்சுப் பாத்து கையால திருத்தறதுதான் வழி. சேவ் பண்றப்ப எஸ்ஆர்ஜிபில (ஆன்லைன் படங்களுக்குப் பொதுவான கலர் முறை) சேவ் பண்ணுங்க, இல்லன்னா சில போன்ல வெளிறித் தெரியும்.

செட்டப் கலைக்கறதுக்கு முன்னாடி அந்த டேபிள், லைட், சார்ட் எல்லாம் தெரியற மாதிரி தள்ளி நின்னு ஒரு படம் எடுத்துக்கோங்க, ட்ரைபாட் கால் எங்க நின்னுச்சோ அங்க தரைல டேப் ஒட்டிடுங்க, பொருளுக்கும் லென்ஸுக்கும் எவ்வளவு தூரம்னு எழுதி வைங்க. அடுத்த மாசம் புதுசா நாலு பொருள் வரும், அப்ப அதே தூரத்துல அதே லைட்ல எடுத்தாதான் பழைய படங்களோட பக்கத்துல ஒத்துப்போகும்.