எந்தத் தடத்தை விட்டுக்கொடுப்பீர்கள்? டிராம் பற்றிய கேள்வி பதில்

சாலைப் போக்குவரத்துத் திட்ட வேலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். போன மாத வாசகர் வட்டக் கூட்டத்தில், சிங்கப்பூரில் மறுபடியும் டிராம் (சாலையில் பதித்த தண்டவாளத்தில் ஓடும் வண்டி) விடலாமே, எல்ஆர்டியை (பேட்டைகளுக்குள் தூண்மேல் ஓடும் சிறு ரயிலை) இன்னும் நீட்டலாமே என்று பேச்சு எழுந்தது. கேள்விகளை எழுதித் தாருங்கள் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகன் மெல்பர்னில் படிக்கிறான். அங்கே நகர மையத்தில் காசே கொடுக்காமல் டிராமில் சுற்றினோம். இங்கே ஏன் அப்படி விடக்கூடாது? (பொங்கோல், இல்லத்தரசி)

அம்மா, நீங்கள் ஏறியது உலகிலேயே மிகப் பெரிய டிராம் கட்டமைப்பில். சுமார் 250 கிலோமீட்டர். ஆனால் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு, கார்களோடு ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால் சராசரி வேகம் மணிக்குப் பதினாறு கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே ஒரு சந்திப்பில் நான் நின்று பார்த்திருக்கிறேன். நகர மையத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய கார், டிராமை மறிக்கக்கூடாது என்பதற்காக இடது ஓரத்துக்கு வந்து காத்திருந்து, விளக்கு மாறும்போது சாலையின் குறுக்கே வளைந்து போகவேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் வழக்கம்போல் நடுத்தடத்திலேயே நின்றுவிட்டார். பின்னால் டிராம் மணியை டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. இருநூறு பேர் ஒரு காருக்காகக் காத்திருந்தோம்.

இதே காட்சியைச் சிராங்கூன் சாலையில் வைத்துப் பாருங்கள். பூக்கடை முன்னால் சரக்கு லாரி இரண்டு நிமிடம் நின்றால் பஸ் ஒதுங்கிப் போய்விடும். டிராமால் ஒதுங்க முடியாது. டிராம் வேண்டுமா என்று என்னிடம் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: கார்களிடமிருந்து எந்தத் தடத்தைப் பிடுங்கப் போகிறீர்கள்? வேகத்தைத் தருவது தனித்தடம். தண்டவாளம் அதற்குப் பிறகுதான்.

முன்பு சிங்கப்பூரில் டிராம் ஓடியதாக என் பாட்டனார் சொல்வார். உண்மையா? (ஈசூன்)

உண்மை. இரண்டு முறை முயன்று இரண்டு முறையும் கைவிட்ட ஊர் இது. 1886இல் நீராவி டிராம் வந்தது, 1894இல் நின்றது. 1905இல் மின்சார டிராம் வந்தது, 1927இல் அதுவும் போனது. மின்டிராமுக்கு மின்சாரம் தந்த நிலையம் மெக்கன்சி சாலையில் இருந்தது. தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுப் பையோடு நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம்.

ஏன் தோற்றது? வாசலிலேயே ஏற்றி வாசலிலேயே இறக்கிய ரிக்‌ஷாவோடு டிராமால் போட்டி போட முடியவில்லை. பிறகு சிறு மோட்டார் பஸ்கள் வந்தன. தண்டவாளம் தேய்ந்தது, வருமானம் போதவில்லை. 1926இலேயே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ரப்பர் சக்கரத்தில் ஓடும் டிராலிபஸ் வந்துவிட்டது. அது 1962 வரை ஓடியது. வாசல்வரை வரும் வண்டிக்கே சிங்கப்பூரர் கை காட்டுவார் என்பது அன்றே தெரிந்துவிட்டது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

சென்னையிலும் ஓடியதே, அண்ணே? (உட்லண்ட்ஸ், சொந்த ஊர் தாம்பரம்)

ஓடியது, தம்பி. 1895இலேயே மின்டிராம். லண்டன் அப்போது குதிரை இழுக்கும் டிராமில் போய்க்கொண்டிருந்தது. நிறுவனம் நொடித்துப்போய் 1953 ஏப்ரலில் சேவை நின்றது.

செங்காங்கில் காலை ஏழரை மணிக்கு எல்ஆர்டியில் ஏறிப் பாருங்கள், பிறகு பேசுங்கள். ஏன் இன்னும் பாதைகளைக் கூட்டவில்லை?

ஏறியிருக்கிறேன். என் பேத்தியின் பள்ளிப்பை என் முகத்தில் அழுந்தியபடிதான் பயணம் செய்தேன். உங்கள் கோபம் நியாயமானது.

ஆனால் நெரிசல் வேறு, நீளம் வேறு. புக்கிட் பாஞ்சாங் 1999இல் திறந்தது, செங்காங் 2003இல், பொங்கோல் 2005இல். மூன்றும் தூண்மேல் ஓடும் சிறு வண்டிகள், வீடுகளைச் சுற்றி வளைந்து வந்து ஆட்களைப் பெரிய ரயிலான எம்ஆர்டியில் கொட்டுபவை. நீங்கள் படும் அவதிக்கு மருந்து இரண்டு பெட்டி வண்டிகளும் வண்டிகளுக்கு இடையிலான நேரத்தைக் குறைப்பதும்தான். அந்த வேலை நடக்கிறது. வளையத்தை நீட்டினால் இன்னும் அதிகப் பேரை அதே இடத்தில் கொண்டுவந்து கொட்டுவீர்கள்.

ஹாங்காங்கைப் பாருங்கள். டூன் முன், யுன் லாங் புதுநகரங்களில் 1988 முதல் இலகு ரயில் தரையிலேயே ஓடுகிறது. ஊர் எழும்பும்போதே அதற்கு இடம் ஒதுக்கினார்கள். எட்டிப்பார்த்தால் சன்னலோரம் ரயில் வரும் அளவுக்கு நெருக்கமாகக் கட்டி முடித்த செங்காங்கில் இனி அந்த இடத்தை எங்கே தேடுவது? என் கருத்து: புதிதாக எழும் நகருக்கு ரயிலை முதலிலேயே வரைந்துவிட வேண்டும். புதுநகரான தெங்கா வழியாகப் போகும் ஜூரோங் வட்டார ரயில் பாதை 24 நிலையங்களோடு கட்டம் கட்டமாகத் திறக்கத் திட்டமிடப்பட்டது. எல்ஆர்டியைவிடப் பெரிய வண்டி, தனிப்பாதை. அது சரியான திசை. பழைய பேட்டைகளுக்கு நான் எல்ஆர்டி கேட்கமாட்டேன்.

செலவுக் கணக்கைச் சொல்லுங்கள்.

எடின்பரோவில் 14 கிலோமீட்டர் பாதைக்கு 776 மில்லியன் பவுண்டு ஆனது. பல ஆண்டு தாமதத்துக்குப் பின் 2014இல் திறந்தார்கள். ஏன் இப்படி ஆனது என்று விசாரிக்க உட்கார்ந்த குழுவின் அறிக்கை 2023இல்தான் வெளிவந்தது! சிட்னி 1961இல் டிராமை அகற்றிவிட்டு, 2019 இறுதியில் தொடங்கி இரண்டு கட்டமாக நகர மையத்திலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர் பாதையைத் திறந்தது. 1.6 பில்லியன் ஆஸ்திரேலிய வெள்ளி என்று தொடங்கிய பேச்சு 3 பில்லியனைத் தாண்டியது. இரண்டு ஊரிலும் மண்ணுக்கடியில் கிடந்த பழைய குழாய்களும் கம்பிவடங்களும் வேலையைப் பிடித்து இழுத்தன. வரைபடத்தில் ஒரு இடத்தில் இருக்கும் குழாய், தோண்டினால் வேறு இடத்தில் இருக்கும். இந்தத் துறையில் இருந்தவன் யாரும் அதைக் கேட்டு வியக்கமாட்டான்.

எல்லாவற்றுக்கும் பஸ் போதும் என்கிறீர்களா? (அங் மோ கியோ, முன்னாள் பஸ் ஓட்டுநர்)

இல்லை, அண்ணே. உங்களுக்கே தெரியும், மாடி பஸ்ஸில் ஏறக்குறைய 130 பேர். இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட்டாலும் மணிக்கு நாலாயிரத்தை எட்டாது. அதற்குமேல் கூட்டம் வந்தால் நிறுத்தத்தில் பஸ்களே ஒன்றையொன்று மறிக்கும். அந்த இடத்தில் ரயில்தான். ஓட்டுநர் கிடைக்காத காலத்தில், ஒரே ஓட்டுநர் இருநூறு முந்நூறு பேரைக் கொண்டுபோவது டிராமுக்குப் பெரிய பலம். இதை மறைத்தால் நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது.

அந்த அளவுக்குக் கூட்டம் இல்லாத சாலைகளில் முதலில் பஸ் தடத்தை நீட்டுவேன். 1974 முதல் நமக்குப் பழக்கமானதுதான். 21.5 கிலோமீட்டர் வடக்கு-தெற்கு இணைப்புச் சாலையில் தொடர்ச்சியாக பஸ் தடம் வைக்கிறார்கள். அது திறந்த பிறகு ஓர் ஆண்டு கூட்டத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

தண்டவாளமே இல்லாத டிராம் சீனாவில் ஓடுகிறதே?

அது ரப்பர் சக்கரத்தில் ஓடும் நீளமான பஸ்தான், டிராம் உடை போட்டிருக்கிறது. சக்கரம் நாள்தோறும் அதே கோட்டில் உருள்வதால் தார் பள்ளம் விழும். கடைசியில் கான்கிரீட் போடவேண்டியிருக்கும்.

டிராமில் ஸ்டீயரிங் இருக்குமா தாத்தா? எப்படித் திரும்பும்? (தொடக்கநிலை நான்கு)

இருக்காது, கண்ணா. தண்டவாளம் பிரியும் இடத்தில் கூர்மையான இரும்பு நாக்கு ஒன்று இருக்கும். அது எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கேற்ப வண்டி திரும்பும். இப்போது ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் நாக்கு நகரும். அந்தக் காலத்தில் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, நாக்கை நெம்பித் தள்ளிவிட்டு, ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். மழை பெய்தாலும்தான்.