கேள்வி – பதில்: ஆதரவுப் பணியும் அரசு அங்கீகாரமும்

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பணியில் இருப்பவர்களும், அந்த உதவியைப் பெறுபவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட ஒருவருக்கு முழுநேர ஆதரவுப் பணியாளராக இருக்கிறேன். எந்தப் படிவத்தை நிரப்பினாலும் 'வீட்டு வேலை' என்றே பதிந்துவிடுகிறார்கள். தொழிலுக்கு அங்கீகாரம் வேண்டும் என்கிறார்களே, அது உண்மையில் என்ன?

பதில்: மூன்று தனித்தனி விஷயங்களைச் சேர்த்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அரசின் தொழில் வகைப்பாட்டில் ஓர் எண், ஊதியத்தோடு இணைந்த பயிற்சித் தகுதி, யார் இந்த வேலையைச் செய்யலாம் என்று காட்டும் பதிவு அல்லது பின்னணிச் சோதனை. ஒன்று கிடைத்தால் மற்ற இரண்டும் தாமாக வந்துவிடாது. கோரிக்கை வைக்கும் சங்கங்களே பல நேரம் இதைக் குழப்பிக்கொள்கின்றன.

உங்கள் சிக்கல் முதலாவது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஐஎஸ்சிஓ-08 வகைப்பாட்டை ஒட்டித்தான் பல நாடுகள் தங்கள் பட்டியலைத் தயாரிக்கின்றன. அதில் வீட்டில் தனிநபர் பராமரிப்பு செய்பவருக்கு 5322. மருத்துவமனை போன்ற இடங்களில் செவிலியருக்கு உதவுபவருக்கு 5321. வீட்டைச் சுத்தம் செய்பவருக்கு 9111. எண் 5-ல் தொடங்கினால் இரண்டாம் திறன் நிலை, 9-ல் தொடங்கினால் அதற்கும் கீழான முதல் நிலை. 'வீட்டு வேலை' என்று எழுதிய அந்த நொடியிலேயே ஒரு படி கீழே இறக்கப்பட்டுவிட்டீர்கள்.

5322-லும் ஒரு குறை உண்டு. முதியோர் பராமரிப்பும் மாற்றுத்திறனாளி ஆதரவும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. அமெரிக்காவின் 2018 வகைப்பாட்டிலும் இதே கதைதான்: வீட்டு நல உதவியாளருக்கு 31-1121, தனிநபர் பராமரிப்பு உதவியாளருக்கு 31-1122 என்று எண்கள் உள்ளன, மாற்றுத்திறனாளிகளின் நேரடி ஆதரவுப் பணியாளருக்குத் தனி எண் இல்லை. தனி எண் இல்லாவிட்டால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சராசரியாக என்ன வாங்குகிறார்கள், ஆண்டுக்கு எத்தனை பேர் விட்டுப் போகிறார்கள் என்ற கணக்கைத் தனியாக எடுக்க முடியாது. சேவைக்கு அரசு தொகை நிர்ணயிக்கும்போது பக்கத்துத் தொழிலின் ஊதியத்தை எடுத்து ஒட்டவைக்க வேண்டியதாகிறது. 

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: படிவத்தில் பதவிப் பெயரோடு நிறுத்தாதீர்கள். வேலைகளை மணிக்கணக்கோடு எழுதுங்கள். உதாரணமாக, வாரம் 40 மணியில், இடம் மாற்றுதல், குளியல், சிறுநீர்க் குழாய்ப் பராமரிப்பு 18, உணவு 8, வெளியே துணை செல்லுதல், தகவல் தொடர்புக்கு உதவுதல் 9, அறைச் சுத்தம் 5. வெவ்வேறு திறன் நிலை வேலைகள் ஒரே பணியில் கலந்திருந்தால், அதிகத் திறன் வேண்டிய வேலையை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்பது ஐஎஸ்சிஓ விதி. அந்த விதியைச் சுட்டிக்காட்டித் திருத்தம் கேளுங்கள்.

கேள்வி: ஊட்டிவிடுவது, குளிப்பாட்டுவது... இதெல்லாம் குடும்பத்தினரே செய்வதுதானே? இதற்குப் போய்த் தொழில் தகுதி எதற்கு?

பதில்: ஊட்டுவதையே எடுத்துக்கொள்வோம். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கும் ஐடிடிஎஸ்ஐ என்ற அளவுகோல் உண்டு. 'நிலை 5' என்று பேச்சு-விழுங்கல் சிகிச்சையாளர் எழுதியிருந்தால், பெரியவர்களுக்குத் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. சாதாரண முள்கரண்டியின் இரு பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய அவ்வளவுதான், அதை வைத்தே சோதிக்கலாம். நிலை 6 என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் வரை போகலாம். பானத்துக்கு 10 மில்லி சிரிஞ்சு: நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மீதியைப் பார்க்க வேண்டும். 4 முதல் 8 மில்லி நின்றால் நிலை 2. காலையில் சரியாக இருந்த பானம் ஆற ஆறக் கெட்டியாகிவிடலாம். ஆகவே கொடுக்கும் சூட்டிலேயே சோதிக்க வேண்டும். கவனம் தவறினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். சிலருக்கு இருமல்கூட வராது. பிறகு நுரையீரல் தொற்றாகத்தான் தெரியவரும்.

மேலே கேள்வி கேட்டவரின் பணியிலிருந்தும் ஒன்று சொல்கிறோம். மார்பு முள்ளெலும்புகளில் ஆறாவதிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகச் சிவப்பு, வியர்வை வந்தால் இரத்த அழுத்தம் எகிறுகிறது என்று பொருள். பெரும்பாலும் காரணம் சிறுநீர்ப்பை: குழாய் மடங்கியிருக்கும், பை நிரம்பியிருக்கும். அடுத்தது மலச்சிக்கல். யாருக்கும் முதலில் படுக்கவைக்கத்தான் கை போகும். அது ஆபத்து, அழுத்தம் இன்னும் ஏறும். நிமிர்த்தி உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயை நுனி முதல் பை வரை பார்க்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை அழுத்தத்தை அளக்க வேண்டும். இவர்களில் பலருக்கு மேல் அழுத்தம் வழக்கமாகவே 90–110 தான். மற்றவர்களுக்குச் சாதாரணமான 135 இவர்களுக்கு அவசர நிலையாக இருக்கலாம். காரணம் கிடைக்கவில்லை, அழுத்தம் இறங்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸ்.

குடும்பத்தினரும் இதைக் கற்றுக்கொண்டு செய்கிறார்கள், உண்மை. கற்க வேண்டியிருக்கிறது என்பதுதான் எங்கள் பதில்.

கேள்வி: சான்றிதழ் வாங்கினால் சம்பளம் கூடுமா?

பதில்: சட்டமோ, தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தமோ இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தால் கூடும். இல்லையென்றால் பயிற்சிக் கட்டணம்தான் மிச்சம்.

முடிச்சுப் போட்ட நாடு நியூசிலாந்து. கிறிஸ்டின் பார்ட்லெட் என்ற முதியோர் இல்லப் பராமரிப்பாளர் 1972-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்கிலிருந்து 2017-இல் ஓர் உடன்பாடு வந்தது. பெண்கள் அதிகம் செய்யும் வேலை என்பதாலேயே ஊதியம் தாழ்ந்திருக்கிறது என்பதுதான் அவரது வாதம். மாற்றுத்திறனாளி ஆதரவுப் பணியாளர்களும் சேர்ந்து சுமார் 55,000 பேருக்கு, 2017 ஜூலை 1 முதல், தகுதிச் சான்றிதழின் நிலையை ஒட்டி மணிக்கூலி படிப்படியாக உயர்ந்தது. ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களுக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் பணி ஆண்டுகளே தகுதியாக எடுத்துக்கொள்ளப்பட்டன. இது மிக முக்கியம். இல்லையென்றால் நீண்ட அனுபவம் உள்ளவர் புதிதாக வந்தவரைவிடக் குறைவாக வாங்கியிருப்பார். ஆனால் 2025 மே மாதம் அங்கே சம ஊதியச் சட்டம் திருத்தப்பட்டு, நிலுவையில் இருந்த 33 கோரிக்கைகள் ரத்தாயின. சட்டத்தில் வந்தது சட்டத்தாலேயே போகவும் செய்யும்.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். என் உதவியாளரை நானே தேர்ந்தெடுத்துப் பழக்கியிருக்கிறேன். இதைத் தொழிலாக்கினால், 'விதிப்படி இப்படித்தான் செய்வேன்' என்று அவர் என்னிடம் சொல்லும் நாள் வராதா?

பதில்: வரும், விதியைத் தவறாக எழுதினால். உங்கள் பயம் நியாயமானது. கோரிக்கை மனுக்களில் பலவும் இதைத் தொடுவதே இல்லை.

ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு தனிநபர் உதவியைச் சமூகத்தில் வாழும் உரிமையோடு சேர்த்துச் சொல்கிறது. அதை விளக்கும் 2017-ஆம் ஆண்டுப் பொதுக் கருத்துரை, உதவியாளரைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, மேற்பார்ப்பது எல்லாம் உதவி பெறுபவர் கையில் இருக்க வேண்டும் என்கிறது. ஸ்வீடனில் 1994 முதல் நடப்பில் உள்ள எல்எஸ்எஸ் என்ற மாற்றுத்திறனாளி ஆதரவுச் சட்டத்தில் உதவி மணிநேரம் பயனாளிக்கு உரியது. அவரே முதலாளியாகலாம், கூட்டுறவு அமைப்பையோ நிறுவனத்தையோ உள்ளாட்சியையோ அமர்த்தலாம்.

எனவே கட்டாயப் பயிற்சி என்பது தூக்குதல், தொற்றுத் தடுப்பு, அவசர நிலை, துன்புறுத்தலைத் தெரிவித்தல் என்ற அடிப்படையோடு நின்றுவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து. நீங்கள் எத்தனை மணிக்கு எழுவது, எந்தப் பக்கமாக நாற்காலிக்கு மாறுவது என்பதெல்லாம் பாடத்திட்டத்துக்குள் போகக்கூடாது.

கேள்வி: நான் கவனிக்கும் ஒருவருக்குக் குழாய்வழி உணவு கொடுக்கச் செவிலியர் எனக்குக் கற்றுத்தந்தார். இப்போது வேறொருவருக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். செவிலியர் ஒப்படைக்கும் பணி பொதுவாகக் குறிப்பிட்ட நபருக்கு, குறிப்பிட்ட செயலுக்கு, குறிப்பிட்ட பணியாளரிடம் தரப்படுவது. இன்னொருவருக்கு வேறு வகைக் குழாய் இருக்கலாம், வேறு வேகம் இருக்கலாம். புதிதாக எழுத்தில் வாங்குங்கள்: யாருக்கு, என்ன, எவ்வளவு, எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவது, யாரை அழைப்பது, எந்தத் தேதியில் மறுபரிசீலனை. கையெழுத்து இல்லாத வாய்மொழி உத்தரவு, தவறு நடந்த அன்று யாருக்கும் நினைவில் இருக்காது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் என்டிஐஎஸ் எனப்படும் தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தின் பணியாளர் சோதனையில் தேறிவிட்டேன். நான் பதிவு பெற்ற தொழிலர்தானே?

பதில்: இல்லை. அது குற்றப் பின்னணியையும் ஒழுங்கு நடவடிக்கைகளையும் பார்க்கும் அனுமதி. 5 ஆண்டு செல்லும். உங்கள் திறனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. சுயவிவரத்தில் அதைத் தகுதிப் பகுதியில் போடாமல் தனியாக எழுதுங்கள், முடியும் தேதியோடு.