மாஜாங் சாலிட்டேர்: கடைசி நான்கு ஓடுகள் சிக்கிக்கொண்டால்

அடுக்கிய ஓடுகளில் ஒரே சின்னமுள்ளவற்றை ஜோடி ஜோடியாக எடுத்துக் காலி செய்யும் ஆட்டம் இது. கடைசி நான்கு ஓடுகள் சிக்கிக்கொண்டன, இனி என்ன செய்வது, இது என் தவறா என்று கேட்டீர்கள். அந்த நான்கும் ஒன்றின்மேல் ஒன்றாக நின்றால் ஆட்டம் அவ்வளவுதான். அன்டூ (எடுத்ததைத் திரும்ப வைக்கும் பொத்தான்) அழுத்திப் பின்னால் போக வேண்டியதுதான். உங்கள் தவறா? அநேகமாக ஆமாம்.

பெரும்பாலும் ஒவ்வொரு சின்னத்துக்கும் நான்கு ஓடுகள். மேலே எதுவும் இல்லாமல், இடமோ வலமோ காலியாக இருந்தால் அந்த ஓடு திறந்திருக்கிறது; அதைத்தான் எடுக்க முடியும். அந்த நான்கில் மூன்று திறந்திருக்கும்போது எந்த இரண்டை எடுப்பது என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது (ருசியும் அங்கேதான்). கண்ணில் பட்ட ஜோடியைத் தட்டிவிட்டால் மாட்டுவோம். உச்சியிலும் நீண்ட வரிசை முனையிலும் இருப்பவற்றை முதலில் எடுங்கள். நான்கும் திறந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

அன்டூ அழுத்தி, அப்படி மூன்று திறந்திருந்த இடத்துக்குப் போய் வேறு ஜோடியை எடுத்துப் பாருங்கள்.

ஒன்று: 144 ஓடுகளையும் சும்மா கலைத்துப் போடும் பதிப்புகளில் சில ஆட்டங்கள் யார் ஆடினாலும் தீராது. எரிச்சலான குறைதான். அப்போது புது ஆட்டம் போடுங்கள்.