கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கல்லூரி மாற: டி.சி.யை இப்போதே வாங்க வேண்டாம்

கடலூரில் பி.எஸ்சி. முதலாண்டு முடித்துவிட்டு, அப்பாவின் வேலை மாற்றத்தால் புதுச்சேரியில் இரண்டாமாண்டு சேர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியலாம். ஆனால் டி.சி.யை மட்டும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள். அங்கே இடம் உறுதியாகாமல் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்க வேண்டி வரும்.

இது கல்லூரி மாறுவது மட்டுமல்ல, பல்கலைக்கழகமே மாறுவது. கடலூர் மாவட்ட அரசுக் கலைக் கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. லாஸ்பேட்டை தாகூர் கல்லூரி போன்றவை புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ். அதனால் முதல் இரண்டு செமஸ்டர் பாடங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். மதிப்பெண் பட்டியலோடு பாடத்திட்ட நகலையும் துறைத்தலைவர் கையெழுத்துடன் வாங்கி வையுங்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அலகுகள் வேறாக இருக்கலாம், அதை இந்த நகல்தான் காட்டும். அரியர் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

முதலில் சேர நினைக்கும் கல்லூரியில் இரண்டாமாண்டில் காலியிடம் இருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். இடம் உண்டு என்று எழுத்தில் கிடைத்த பிறகு தடையின்மைச் சான்று, டி.சி., மைக்ரேஷன் சான்றிதழ் (பல்கலைக்கழகம் மாறுவதற்கானது) என்று போகலாம்.

இடம் கிடைக்கவில்லையா? தினமும் பஸ்ஸில் கடலூர் போய்வருவதையும் யோசியுங்கள். ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், படிப்பும் அறுபடாது.