கிணற்று நீச்சலுக்குப் பிறகு காதுவலி: எண்ணெய் விடலாமா?

கேள்வி: சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். மகனுக்கு 13 வயது. லீவு விட்டதில் இருந்து தினமும் தோப்புக் கிணற்றில்தான் கிடந்தான். நான்கு நாளாக வலது காதில் வலி, காதைத் தொட்டாலே கத்துகிறான். அடைத்த மாதிரியும் இருக்கிறதாம். மாமியார் பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி இரண்டு தடவை விட்டார், குறையவில்லை. மாமியாருக்கும் காது அரிப்பு உண்டு, ஊக்கை விட்டுக் குடைவார். அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் எண்ணெயை நிறுத்துங்கள்.

'தொட்டாலே கத்துகிறான்' என்று நீங்கள் எழுதியதே பாதி நோயைச் சொல்லிவிடுகிறது. காது மடலை லேசாக இழுத்தாலோ, துளைக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை அழுத்தினாலோ உயிர் போகிற மாதிரி வலித்தால், அது பெரும்பாலும் வெளிக்காதுத் தொற்று. சளி பிடித்து, செவிப்பறைக்குப் பின்னால் வருகிற காதுவலியில் மடலை இழுத்தால் இவ்வளவு வலிக்காது.

மடலும், செவிப்பறை வரை போகிற குழாயும் சேர்ந்ததுதான் வெளிக்காது. பெரியவர்களுக்கு அந்தக் குழாயின் நீளம் சுமார் 2.5 செ.மீ. வாசல் பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. அங்கே தோல் தடிமனாக இருக்கும், முடி இருக்கும், குறும்பி சுரப்பதும் அங்கேதான். மீதி எலும்பு. அதன்மேல் தோல் மிக மெல்லிசாக ஒட்டிக் கிடக்கிறது. வீங்க இடமே இல்லாததால்தான் வலி இப்படிப் பிடுங்குகிறது. உள்ளே ஆழத்தில் குறும்பி சேர்ந்திருந்தால், அநேகமாக நாமே பட்ஸால் தள்ளியதுதான்.

குறும்பி காதுக்குக் காவல். அதில் உள்ள கொழுப்பு தண்ணீரைத் தோலில் ஊறவிடாது, லேசான அமிலத்தன்மை கிருமியை வளரவிடாது. அது வெளியே வரவும் காதுக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. செவிப்பறையில் இருந்து வாசலை நோக்கி அந்தத் தோல் நாளுக்குச் சுமார் 0.1 மி.மீ. நகர்ந்துகொண்டே இருக்கும். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைகிற அசைவில் குறும்பி உதிர்ந்து வந்துவிடும். மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் இந்தக் காவல் கரைந்து, தோல் ஊறிப்போகிறது. ஈரத்தில் செழிக்கும் சூடோமோனாஸ் மாதிரியான கிருமிகளுக்கு அது போதும். அப்புறம் அரிக்கிறதே என்று குடைந்தால், அந்தக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

காய்ச்சிய எண்ணெய் இந்தக் கிருமியைக் கொல்லாது. சூடு கூடினால் தோல் வெந்துவிடும். பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் போய்விடும். அடிக்கடி எண்ணெய் விடுகிறவர்களின் காதில் பூஞ்சை பிடிப்பதையும் நிறையப் பார்க்கிறேன். திறந்து பார்த்தால் நனைந்த செய்தித்தாளை அடைத்து வைத்த மாதிரி வெள்ளைப் படலம், நடுவில் கறுப்புப் புள்ளிகள். எண்ணெய்க்கு ஒரு வேலை உண்டு: காதுக்குள் எறும்போ பூச்சியோ உயிரோடு துடித்தால், பறையில் ஓட்டை இல்லை என்று தெரிந்தவர்கள் சூடாக்காத எண்ணெய் சில சொட்டு விட்டு அதை அடக்கலாம். எடுப்பது மருத்துவர் வேலை.

மகனை இன்றோ நாளையோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. காதை உறிஞ்சிச் சுத்தம் செய்து, குழாய் வீங்கி மூடியிருந்தால் மருந்தில் நனைத்த திரியை வைப்பார்கள். சொட்டு மருந்து பெரும்பாலும் 7 முதல் 10 நாள். வலி இரண்டு மூன்று நாளிலேயே நன்றாகக் குறையும். மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்கி விடாதீர்கள். பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உள்காதையே கெடுக்கும், ஸ்டீராய்டு கலந்தவை பூஞ்சையை வளர்க்கும். சொட்டு விடும்போது பாட்டிலைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, மடலை மேலும் பின்னுமாக இழுத்து விட்டு, ஐந்து நிமிடம் அப்படியே இருக்கச் சொல்லுங்கள். குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சால் துளையை மூடுங்கள். ஆறும்வரை கிணறு வேண்டாம். ஆறின பிறகு நீந்தட்டும். கரையேறியதும் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, துண்டால் வெளியே மட்டும் துடைத்தால் போதும்.

எனக்கு உங்கள் மாமியாரைப் பற்றித்தான் அதிகக் கவலை. குடையும்போது இருமல் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தொண்டைக்கும் நெஞ்சுக்கும் போகிற வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக் குழாய்க்கும் வருவதால் சிலருக்கு அப்படி வரும், அதில் பயமில்லை. பயம் ஊக்கில்தான். சர்க்கரை உள்ள வயதானவர்களுக்கு, ஊக்கு போட்ட சின்னக் கீறலில் தொடங்கும் தொற்று தோலோடு நிற்காமல் மண்டையோட்டின் அடி எலும்புவரை போய்விடலாம். ராத்திரியில் தூங்கவிடாத வலி, சீழ், வாய் ஒரு பக்கம் கோணுவது, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்; அதற்கு வாரக்கணக்கில் சிகிச்சை தேவைப்படும். இப்போதைக்கு அரிப்பு மட்டும்தான் என்றாலும், மகனோடு அவரையும் கூட்டிப்போய்க் காதைக் காட்டிவிட்டு, சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.