பொழுதுபோக்கைத் தொழிலாக்க நிரந்தர வேலையை விடலாமா?

விடலாம். ஆனால் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மரவேலை உங்கள் விருப்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முக்காலி செய்ய 6 மணி நேரம். மரம் வாங்க அலைவது, வாடிக்கையாளரிடம் பேசுவது, பொட்டலம் கட்டி அனுப்புவது என்று இன்னும் 4 மணி நேரம் போகும். பலரும் அந்த 6 மணி நேரத்துக்கு மட்டுமே விலை வைக்கிறார்கள். அங்கேதான் அடி விழுகிறது. விற்ற விலையில் மரம், பசை, கருவித் தேய்மானம், வரி எல்லாம் கழித்து, மிச்சத்தை 10-ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் உண்மையான மணிக்கூலி. காய்ச்சலில் படுத்தால் அதுவும் கிடையாது.

அப்புறம், வேலையில் இருந்தபடியே முன்பின் தெரியாதவர்களுக்கு முழு விலையில் விற்றுப் பாருங்கள். 6 மாதச் செலவுக்காவது பணம் சேருங்கள். அதே முக்காலியை இருபதாவது முறை, கெடுவுக்குள் முடிக்க வேண்டியபோதும் கை ஆசையோடு உளியை எடுக்கிறதா என்று கவனியுங்கள்.