கார் இல்லாமல் ஸ்டோன்ஹெஞ்ச்: எந்த பாஸ் வாங்கலாம்?

கேள்வி: மகன் லண்டனில் வசிக்கிறான். ஜூனில் நானும் மனைவியும் பத்து நாள் போகிறோம். ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம், கோட்டை, பழைய ஊர் என்று பார்க்க ஆசை. கார் கிடையாது. மனைவிக்கு முழங்கால் வலி. பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பில் உறுப்பினராகச் சேரலாமா?

பதில்: வேண்டாம். அது ஆண்டுச் சந்தா. அவர்களுடைய மாளிகைகளில் பலவற்றுக்கு பஸ்ஸில் போய்ச் சேர்வதே பெரும்பாடு. ஸ்டோன்ஹெஞ்சை நடத்துவதோ இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற வேறு அமைப்பு. டிரஸ்ட் உறுப்பினர்களையும் அங்கே இலவசமாக விடுகிறார்கள்தான், ஆனால் அதற்காக மட்டும் ஒரு வருடச் சந்தா கட்டுவது வீண்.

இங்கிலிஷ் ஹெரிடேஜ் வெளிநாட்டுப் பயணிகளுக்கு 9 நாள், 16 நாள் பாஸ் தருகிறது. அங்கேயே வசிக்கும் உங்கள் மகனுக்கு அது கிடைக்காது. அவர்களுடைய டோவர் கோட்டைக்கும் போவதாக இருந்தால் 9 நாள் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தனி டிக்கெட்டே போதும். ஆன்லைனில் முன்கூட்டி எடுங்கள்.

ஊர் ஊராக அலையாமல் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்து ஊரான சாலிஸ்பரியில் இரண்டு இரவு தங்குங்கள். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். சாலிஸ்பரி ஸ்டேஷன் வாசலிலிருந்தே ஸ்டோன்ஹெஞ்சுக்குச் சுற்றுலா பஸ் உண்டு. பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கின்றன. இடையில் ஷட்டில் பஸ் ஓடுவதால் முழங்காலுக்குச் சிரமமில்லை. மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். வெட்டவெளி, காற்று பிய்க்கும். ஜூன்தானே என்று ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அதே பஸ் ஓல்டு சாரத்திலும் நிற்கும். மேட்டின் மேல் கோட்டை இடிபாடு, கீழே பழைய தேவாலயத்தின் அடித்தடம், அவ்வளவுதான். ஆனால் குடியிருக்க ஆளே இல்லாத இந்த மேடு 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது! அதை விலைக்கு வாங்கி வைத்திருந்தவர் தாமஸ் பிட், நம் சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான அவர் பேரன் வில்லியம் பிட் 1735இல் இந்தத் தொகுதியிலிருந்துதான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்.

சாலிஸ்பரி பேராலயத்துக்குத் தனி டிக்கெட், எந்த பாஸும் செல்லாது. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய 1215ஆம் ஆண்டு சாசனமான மாக்னா கார்ட்டாவில் மிஞ்சியிருக்கும் நான்கு பிரதிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. கோபுரம் ஏற 332 படி. மனைவியைக் கீழேயே உட்கார வையுங்கள்.

ஸ்டோன்ஹெஞ்சில் பொதுவாகக் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும். கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஏவ்பரி கல்வட்டத்துக்குப் போங்கள். நுழைவு இலவசம். சாலிஸ்பரியிலிருந்து பஸ்ஸில் போவது சுற்று. லண்டன் திரும்பியபின் இன்னொரு நாள் பேடிங்டனிலிருந்து ரயிலில் ஸ்விண்டன் போய், அங்கே 49ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடியுங்கள்.